ஒரு பேர்ச் மழை

மழை விட்டு அரை மணித்தியாலம் இருக்கும். ஒழுங்கைக்குள் தண்ணீர் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறது.

முதல் வீட்டுப் பெண் முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, முற்றத்துத் தண்ணீரைத் தும்புத்தடியால் கேற்றுக்கு வெளியே தள்ளுகிறார். அது போய் எதிர்வீட்டு வாசலில் முட்டுகிறது. எதிர்வீட்டுக்காரர் முந்திக்கொண்டவர், உரப்பைகளில் மணல் கட்டி ஏற்கனவே அடுக்கிவைத்திருக்கிறார். தண்ணீர் திரும்பி மூன்றாம் வீட்டுப் பக்கம் போகிறது. அங்கே கேற்றுக்குக் குறுக்கே ஒரு சாண் உயரத்தில் சீமெந்து வரம்பு. அதில் மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கி மகனுக்கு நாரி பிடித்துப்போயிற்று என்பது அந்த வீட்டுக் கவலை. யாரும் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. ஸலாம் சொல்லிக்கொண்டேதான் தள்ளிவிடுகிறார்கள்.

இது போன மாரியில் கண்டது. சந்தியில் சைக்கிள் கடை வாங்கில் இருந்தால் ஒழுங்கை முழுவதும் தெரியும். அந்த வாங்கில் இருப்பவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அது ஒரு வசதி.

நிந்தவூரின் தரை மட்டத்தைச் சொல்லிவிட்டால் மிச்சம் விளங்கும். வடக்கே காரைதீவு, தெற்கே ஒலுவில், கிழக்கே கடல், மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பிரதான வீதி ஊரை நெடுக்காகப் பிளந்துகொண்டு போகிறது. பஸ்ஸுக்கு அது வீதி. மழைத் தண்ணீருக்கு அது அணைக்கட்டு. மேற்கே விழுந்த மழை கடலைப் பார்க்க வேண்டுமானால் வீதிக்கு அடியில் இருக்கும் மதகுகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து வந்தாலும் கடற்கரையோரம் மணல் மேடு நிற்கிறது. மேட்டைத் தாண்ட முடியாத தண்ணீர் பள்ளத்திலேயே கிடக்கும். வருடத்து மழையில் பெரும்பங்கு நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு கச்சான் காற்று வீசத் தொடங்கினால் இதே ஊரில் கிணற்று வாளி அடி தட்டும். ஆறு மாதம் தண்ணீரைத் துரத்துகிறோம், ஆறு மாதம் தண்ணீரைத் தேடுகிறோம்.

ஒழுங்கைத் தண்ணீரையும் வெள்ளத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. வெள்ளம் வெளியூர்க்காரன். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரம் நிரம்பி வான் பாய்ந்தால், கல்லோயா என்கிற பட்டிப்பளை ஆறு வயல்களை மூடிக்கொண்டு வரும். 1957 டிசம்பரை மூத்தவர்கள் சொல்வார்கள். 2011 ஜனவரியை எல்லோரும் சொல்வார்கள். 2024 நவம்பர் 26ஐப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. அன்று நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஏற்றிய உழவு இயந்திரம், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் தண்ணீருக்குள் புரண்டது. அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஒரு ஒழுங்கை ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு வேறு ஆட்கள், வேறு பாலங்கள், வேறு முடிவுகள் வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது உள்ளூர்த் தண்ணீரை. எங்கள் கூரையில் விழுந்து, எங்கள் முற்றத்தால் ஓடி, எங்கள் வாசலில் நிற்கிற தண்ணீர்.

அது ஏன் நிற்கிறது? கிழக்குக் கரை முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் உம்மாவும் வளவின் ஒரு துண்டில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னுக்கு ஒதுங்குவார்கள். அடுத்த மகளுக்கு அடுத்த துண்டு. இதன் நன்மை தீமை பற்றி எத்தனையோ மேடைகளில் பேசியாயிற்று. தண்ணீரின் பக்கம் நின்று ஒருவர் பேசி நான் கேட்கவில்லை. நாற்பது பேர்ச் வளவு நாலு மகள்மாருக்குப் பத்துப் பத்தாகப் பிரிந்தது. பேத்திமார் காலத்தில் அது ஐந்து. ஐந்து பேர்ச்சுக்குள் வீடு, மலசலகூடக் குழி, சுற்றிவர மதில், வாகனம் நிற்க இன்டர்லொக் கல் பதித்த தரை. மண் என்று சொல்ல ரோசாச் சாடிக்குள் இருப்பதுதான் மிச்சம்.

முன்பு வளவுக்கு வளவு கிடுகு வேலி. கோழியும் தண்ணீரும் ஒரே ஓட்டைக்குள்ளால் போய்வரும். மதில் வந்ததும் கோழி நின்றது, தண்ணீரும் நின்றது. ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டபோது வீதி ஆறு இஞ்சி உயர்ந்தது. வீதி உயர்ந்ததால் வசதியுள்ளவர்கள் கிறவல் அடித்து முற்றத்தை உயர்த்தினார்கள். அவர்கள் உயர்த்தியதால் பக்கத்து வீடு பள்ளமானது. சுனாமிக்குப் பிறகு கடலுக்குப் பயந்து மேற்கே போனவர்கள் வயலையும் நிரப்பினார்கள். இந்தப் போட்டியில் ஜெயித்தவர் ஒருவரும் இல்லை. இன்னொரு லோட் மண் எப்போதும் மிச்சம் இருக்கிறது.

கான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கல்லால் கட்டிய நல்ல கான். கான் செய்கிற வேலையும் தும்புத்தடி செய்கிற வேலைதான், கொஞ்சம் நீளமாக. இங்கிருந்து தள்ளியதை இன்னொரு குறிச்சியில் கொண்டுபோய் விடுகிறது. எல்லாக் கான்களும் கடைசியில் போய்ச் சேருகிற இடம் எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்துச் சாய்ந்தமருதில் தோணா என்கிற நீரோடையின் கரையில் ஒரு மாலை நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாரி வரும் முன் அதைத் துப்புரவாக்குவதும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவதும் வருடாவருடம் நடக்கிற சடங்கு. கொழும்பு தன் சதுப்புகளைக் காட்டி 2018இல் ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் வாங்கிக்கொண்டது. நாம் தோணாவைக் காட்டி எதுவும் வாங்க முடியாது.

ஒழுங்கையின் நடுவீட்டு மருமகன் கட்டாரிலிருந்து வந்து நிற்கிறார். அங்கே குழாய் வேலை. இரவில் நித்திரை வராமல் போனில் பார்த்ததைக் காலையில் சைக்கிள் கடையில் எல்லோருக்கும் காட்டினார். 1990இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜோர்ஜஸ் என்ற மாவட்டத்தில் தொடங்கிய விசயம். வீடு கட்டி விற்கும் டிக் பிரிங்கர் என்பவர், தன் புதிய குடியிருப்புக்குப் பெரிய மழைநீர்க் குளம் தோண்டுவதை விட்டு, வீட்டுக்கு வீடு ஒரு செடிப்பள்ளம் வைத்தால் என்ன என்று கேட்டார். மாவட்டத்தில் வேலை செய்த லாரி கொஃப்மன் அதைப் பிடித்துக்கொண்டார். சமர்செட் என்ற அந்தக் குடியிருப்பில் வீதித் தண்ணீரும் கூரைத் தண்ணீரும் பள்ளத்துக்குள் இறங்கி, செடி வேரோடு மண்ணுக்குள் போயின. மழைத்தோட்டம் என்று பெயர். பள்ளம் அரை அடிதான் ஆழம். நின்ற தண்ணீர் ஓரிரு நாளில் வற்றிவிட வேண்டும். அதுதான் அதன் சட்டம்.

“குளமும் இல்ல, குழியும் இல்ல, அப்ப என்னத்துக்கு?” என்றார் சைக்கிள் கடைக்காரர்.

“தண்ணி கொஞ்ச நேரம் இருந்து போறதுக்கு, காக்கா.”

இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் பிளேன்டீயை வைத்துவிட்டு, மின்சாரப் பில்லின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஆயிரம் சதுர அடிக் கூரை. ஒரு இஞ்சி மழை. எண்பத்துமூன்று கனஅடி, 2,360 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி இரண்டு நிரம்பி வழியும், ஒரு கூரைக்கு மட்டும். பள்ளம் இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், அரை அடி ஆழம் என்று வைத்தால் 120 கனஅடி, 3,400 லீற்றர். ஒரு தடவைக்கு ஒன்றரைக் கூரையைக் கூடத் தாங்காது.

“பதினொரு வீடு இருக்கு சேர்.”

“இருக்குத்தானே. மண் குடிக்கிற கணக்கை நான் இன்னும் போடல்லயே” என்றார் அவர். அந்தக் கணக்குக்கு மண்வெட்டி வேண்டும் என்றும் சொன்னார்.

இருபதுக்குப் பன்னிரண்டு என்றால் 240 சதுர அடி. ஒரு பேர்ச்சுக்குச் சற்றுக் குறைவு. கேட்க ஒன்றுமில்லை போல இருக்கிறது. ஆனால் நிந்தவூரில் ஒரு பேர்ச் காணி இனாமாகக் கேட்பது சின்ன விசயமில்லை. அந்த வாரம் ஒழுங்கையில் நடந்த பேச்சுகளைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். மேட்டில் இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் காணியைத் தர ஆயத்தம். மேட்டில் தோண்டினால் தண்ணீர் ஏறிப் போகாது என்பது அவர்களுக்கும் தெரியும்; அதனால்தான் அத்தனை தாராளம். தண்ணீர் தானாக வந்து சேரும் ஒரே மூலை, ஒழுங்கையின் அந்தத்தில் இருக்கும் மூத்தம்மாவின் எட்டுப் பேர்ச். மண் போட வசதியில்லாமல் பள்ளமாகவே கிடக்கிற துண்டு. அதில் ஒரு பூவரசும், பழைய கிணறு ஒன்றும், ஒரு கட்டைத் தென்னையும் நிற்கின்றன. அது பேத்திக்கு.

பேத்தி சாதாரண தரம் எழுதப்போகிறாள். ஆகவே அவசரம் இல்லை. ஆனால் காணி அவளுடையது என்பதில் மாற்றமும் இல்லை. மூத்தம்மாவின் தாய்வழிக் குடிக்குத் தலைவரான மரைக்காயரையும் வைத்துக்கொண்டு பேசினார்கள். கிழவி நெடுநேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

“தோண்டுங்க மனே. ஆனா புள்ளைக்கு ஒரு சம்மந்தம் வந்துதெண்டா, நான் மண்ணக் கொட்டி மூடிப்போடுவன். மறுகா என்ட வாசல்ல வந்து நிண்டு ஒருத்தரும் கதைக்கப்படாது.”

ஒருவரும் கதைக்கவில்லை. எழுத்தும் இல்லை, உறுதியும் இல்லை. ஒரு பெண்பிள்ளையின் கலியாணம் வரைக்கும் மழைக்கு இடம் கிடைத்தது. நிபுணர்கள் எழுதும் திட்டங்களில் இப்படி ஒரு நிபந்தனையைப் பார்க்க முடியாது. ஆனால் எழுதி, கையெழுத்து வைத்து, பெயர்ப்பலகை நட்டு, திறப்புவிழா முடிந்ததும் காடாகிப் போன எத்தனையோ திட்டங்களைவிட இது நேர்மையான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

செப்டம்பரில், தரை நன்றாகக் காய்ந்திருந்தபோது, முதலில் சோதனைக் குழி. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, வாளித் தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, திரும்ப ஊற்றி, ஈர்க்கில் அடையாளம் வைத்துக் குத்தினார் ஆசிரியர். கால் மணித்தியாலத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது. கடற்கரை மணல். எல்லோர் முகத்திலும் வெளிச்சம். ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தார். தண்ணீர் பத்தடிக்குக் கீழே.

“டிசம்பரில இது எங்க நிக்கும், மாமி?”

“குனிஞ்சு கையால அள்ளலாம்” என்றார் மூத்தம்மா.

விசயத்தின் நெஞ்சு இதுதான். மணல் எவ்வளவும் குடிக்கும், கீழே இடம் இருந்தால். மாரி முற்றி நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவிட்டால் மழைத்தோட்டம் வெறும் பள்ளம். தண்ணீர் தேங்கும், அவ்வளவுதான். பள்ளத்தின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே இரண்டடியாவது வேண்டும் என்பது பொது விதி. ஆக ஒக்டோபர் மழைக்கும், நவம்பரின் முதல் அடைமழைக்கும், ஏப்ரலில் மத்தியானம் இடித்துக்கொண்டு வரும் மழைக்கும் இது பெரிய உபகாரம். டிசம்பர் நடுவில் இதை நம்பக் கூடாது. இதை ஆசிரியர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு பேர் அப்போதே கையைக் கழுவிக்கொண்டு போனார்கள். இருந்தவர்கள், பதினொரு வீட்டையும் விட்டு, ஒழுங்கையின் கீழ்ப்பாதியையும் நாலு கூரையையும் மட்டும் இதற்குள் திருப்புவது என்று முடிவு செய்தார்கள். மிஞ்சியது கானுக்குப் போக ஒரு வழிகுழாய். பேராசைப்படாத முடிவு. அந்த மத்தியானம் நான் கண்ட மிகப் பெரிய கெட்டித்தனம் அது.

கிணறு கிட்ட இருப்பதும், மலசலகூடக் குழிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதும் அதன் பிறகு பார்க்கப்பட்டன. தூரம் வைத்து, பூவரசின் வேரையும் தவிர்த்து, கயிறு பிடித்தார்கள்.

வெட்டிய நாள் ஒரு சனிக்கிழமை. மட்டம் பார்க்க மேசன் பாஸ் வந்தார். அவரிடம் கருவி என்று இருந்தது தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப் ஒன்று. ஒரு முனையை ஒழுங்கைக் கொங்கிரீட்டின் விளிம்பில் ஒரு பையன் பிடித்தான். மறுமுனையைப் பாஸ் பள்ளத்தின் வாயில் பிடித்தார். டியூபுக்குள் தண்ணீர் இரண்டு தரம் ஏறி இறங்கி நின்றது. பாஸ் ஒற்றைக் கண்ணை மூடி, பென்சிலால் கட்டையில் ஒரு கோடு இழுத்தார். வீதியைவிட ஏழு இஞ்சி கீழே. இத்தனை வருடமும் அந்த ஏழு இஞ்சிதான் மூத்தம்மாவின் குசினிக்குள் தண்ணீரைக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

மண்வெட்டி, அலவாங்கு, தாச்சி. வெட்டுகிறவர்கள் ஆறேழு பேர், சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருபது பேர். சைக்கிளில் போன மீன்காரர் ஒரு காலை ஊன்றி நின்றார்.

“ஆருக்கு கபுறு காக்கா?”

“உனக்கில்ல. மீனக் கொண்டு போ.”

ஓரங்கள் சரிவாக, அடி தட்டையாக வர வேண்டும் என்று கட்டார் மருமகன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அடி ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் அந்த மூலையில் மட்டும் நிற்கும். பாஸ் கால் பெருவிரலால் மணலைத் தடவியே பள்ளம் மேட்டைக் கண்டுபிடித்தார். டியூப் இரண்டாவது தடவை அவர் சொன்னதையே சொன்னது.

வெட்டி எடுத்த மணல் ஒரு கியூப்புக்கு மேல். அதற்கு எத்தனை சொந்தக்காரர்கள்! ஒருவருக்குப் பூச்சுக்கு, ஒருவருக்குப் பள்ளிவாசல் முற்றத்துக்கு. ஒரு பகுதி பள்ளத்தின் கீழ்க்கரையில் வரம்பாகப் போனது. மிச்சத்தைக் கொண்டுபோனவர் நாலாம் வீட்டுக்காரர். கொண்டுபோய்த் தன் முற்றத்தை நாலு இஞ்சி உயர்த்திவிட்டார். தண்ணீரை இருத்தத் தோண்டிய மண், அடுத்த வீட்டுக்குத் தண்ணீரைத் தள்ளப் போயிற்று. வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போனால் அவர் கையில் ஸலாம் கொடுத்தேன்.

தண்ணீர் இறங்கும் வாயில் ஒரு நீலப் பரலைப் பாதியாக வெட்டிப் புதைத்தார்கள். வீதியிலிருந்து வருகிற சேறும் பொலித்தீனும் அதற்குள் தங்கிவிடும். தெளிந்தது மேலால் வழிந்து கருங்கல் அடுக்கில் விழுந்து பள்ளத்துக்குள் போகும். இந்தப் பரல் இல்லாவிட்டால் எல்லாம் வீண். கானின் கறுத்த வண்டல் மாவைப் போலப் பொடி. மணலின் மேல் ஒரு படை படிந்தால் போதும், குடிக்கிற மணல் வாயை மூடிக்கொள்ளும். அனுராதபுரப் பக்கத்துப் பழைய குளங்களில் குளத்துக்கு மேலே ஒரு புல்வெளி விட்டு வைப்பார்கள். சிங்களத்தில் அதற்குப் பெரஹன என்று பெயர். வரும் தண்ணீர் புல்லுக்குள்ளால் நுழைந்து வண்டலை விட்டுவிட்டு வரும். இங்கே புல்லுக்கு இடமில்லை, அதனால் பரல்.

பரல் புதைத்து இரண்டு நாள். மழை இல்லை. காலை பத்து மணியளவில் பரலுக்குள் தண்ணீர் வருகிறது. வெள்ளையாக. அரிசி கழுவிய தண்ணீர். அதில் இரண்டு வெங்காயத் தோல் சுழன்றுகொண்டிருக்கிறது. சற்றுப் பொறுத்துச் சவர்க்கார நுரை. ஒழுங்கை கூடிவிட்டது. மழைத் தண்ணீருக்கு மட்டும் என்று செய்த வாய். குசினித் தண்ணீர் போனால் மணல் அழுகி நாறும், கிணறும் கெடும். யாருடைய குழாய்? ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் குழாய் தங்கள் குழிக்குத்தான் போகிறது என்று சொன்னார்கள். ஒருவர் அல்லாஹ் மேல் ஆணையிடவே வாயெடுத்துவிட்டு, நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டார். வாங்கில் இருப்பவனுக்குத் தெரியும். மதிலுக்கு அடியால் வந்து, கொங்கிரீட்டின் ஓரத்தில் பாசிக்குள் ஒளித்திருக்கும் அந்த ஒன்றரை இஞ்சி எஸ்லோன் பைப்பின் வாயை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. மறுநாள் விடிய முன் யாரோ அந்த வாயைச் சீமெந்தால் அடைத்திருந்தார்கள். சீமெந்தில் விரல் அடையாளம் பதிந்திருந்தது. சின்ன விரல், வளையல் கீறலோடு.

பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். டெங்கு காலம் நெருங்கினால் அவர் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு ஊர் சிரட்டைகளைக் கவிழ்க்கும்.

“தண்ணி எத்தின நாளைக்கு நிக்கும்?”

“ஒரு நாள் சேர். கூடினா ரெண்டு.”

“நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமையளவு வேணும். ரெண்டு நாளெண்டா எனக்குப் பிரச்சின இல்ல. ஒரு கிழமை நிண்டா வழக்குப் போடுவன்.”

நியாயமான பேச்சு. போகும்போது சைக்கிள் கடைப் பின்பக்கம் நின்று, அங்கே கிடந்த பழைய டயரைக் காலால் புரட்டினார். உள்ளிருந்து கறுத்த தண்ணீர் கொட்டியது. அதில் புழுக்கள் நெளிந்தன. கடைக்காரருக்கு அன்று பிளேன்டீ இறங்கவில்லை. வாங்கும் கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது.

செடியில்தான் அதிகம் பேச்சு. ஒருவருக்குக் குரோட்டன். ஒருவருக்கு வல்லாரை, பள்ளத்தில் நன்றாகப் படரும், சம்பலும் போடலாம் என்றார். வீதியில் வழிகிற எண்ணெயும் அழுக்கும் வந்து சேரும் மண்ணில் வளர்ந்த கீரையைச் சாப்பிட வேண்டாம் என்று அதைத் தடுத்தார்கள். மூத்தம்மாவுக்குப் பன் நட ஆசை. இளமையில் பன்பாய் இழைத்த கை. ஆனால் பன்னுக்கு எப்போதும் ஈரம் வேண்டும். இரண்டு நாளில் வற்றுகிற மணலில் அது நிற்காது. இங்கே நிற்கப்போகிற செடி மாரியில் கழுத்தளவு தண்ணீரில் மூச்சுப் பிடிக்க வேண்டும், கச்சானில் ஒரு சொட்டு இல்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டையும் தாங்குகிறவை குறைவு. அடியில் வெட்டிவேரும் கோரையும், சரிவில் கல்வாழை, மேல்விளிம்பில் சேரைப்புல். பூவரசு ஏற்கனவே நிற்கிறது. குரோட்டன்காரருக்கு மனம் ஆறவில்லை. கரையில் இரண்டு நட்டார். இருக்கட்டும்.

ஒக்டோபரில் ஒரு பின்னேரம் கடல் பக்கம் கறுத்தது. முதல் துளிகள் கொங்கிரீட்டில் விழுந்து, சூட்டில் உடனே காய்ந்தன. பிறகு இறங்கியது. ஒழுங்கை முழுவதும் குடையோடும், குடையில்லாமலும், உரப்பையைக் கொங்காணியாகப் போட்டும் வந்து நின்றது. முதலில் ஒழுங்கையின் தூசி கரைந்து தேயிலைச் சாயத்தில் வந்தது. அதில் ஒரு டொபி உறை, ஒற்றைச் செருப்பு, பூவரசம் இலை. பரல் நிரம்பியது. செருப்பு பரலுக்குள்ளேயே சுற்றியது. தண்ணீர் விளிம்பால் வழிந்து, கருங்கல்லில் உடைந்து, அடியில் பரவியது. பரவிய இடத்திலேயே காணாமல் போயிற்று. இன்னும் வந்தது. இன்னும் போயிற்று. மணலுக்குள் இருந்த காற்று குமிழ் குமிழாக மேலே வந்து வெடிக்க, பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கால் மணித்தியாலத்தில் மணலைத் தண்ணீர் முந்தியது. பள்ளம் மெல்ல நிரம்பியது. வெட்டிவேரின் நுனிகள் மட்டும் வெளியே. மூத்தம்மா குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, தன் படியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படியின் கீழ்க்கல் நனைந்தது, மழையில். தண்ணீர் அங்கே வரவில்லை. “வரட்டும் பாப்பம்” என்றார். அவருக்கு டிசம்பர் தெரியும்.

வழிகுழாயால் மிஞ்சியது போகத் தொடங்கியதும்தான் அடுத்த ஒழுங்கைக்காரர் ஒருவர் மடித்த சாரனோடு, கையில் குடையோடு, விறுவிறு என்று வந்தார்.

“உங்கட தோட்டத்துத் தண்ணி என்ட கேற்றடியில நிக்கிது.”

“முந்தியும் அங்கதானே வந்தது மச்சான்?”

“முந்தி எல்லாரும் அனுப்பினீங்க. ஆரு எண்டு தெரியாது. இப்ப குழாய் வச்சு அனுப்புறீங்க.”

ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. ஆசிரியர் மழைக்குள் இறங்கி வழிகுழாயின் வாயைப் பார்த்தார். நாலு இஞ்சிக் குழாய், பள்ளம் முழுதாக நிரம்பும் முன்பே வழிகிற உயரத்தில் படுத்திருக்கிறது. இரண்டு இஞ்சி உயர்த்தினால் இன்னும் ஆயிரத்து நூறு லீற்றர் உள்ளே நிற்கும் என்று நின்ற நிலையிலேயே சொன்னார். உயர்த்தினால் கீழ்க்கரை வரம்பையும் உயர்த்த வேண்டும். அதற்கு மண் வேண்டும். எல்லோருடைய கண்ணும் நாலாம் வீட்டு முற்றத்தின் பக்கம் போயிற்று.

“அது பூச்சுக்கு வச்சிருக்கிற மண்” என்றார் நாலாம் வீட்டுக்காரர், கேட்காமலே.

பாஸ் குழாயின் முழங்கைத் துண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். அடுத்த ஒழுங்கைக்காரர் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தார். பிடித்தபடியே, தன் வளவில் கிணற்றுக்குப் பின்னால் ஒரு மூலை சும்மா கிடக்கிறது, அங்கே மட்டம் பார்க்க என்ன கேட்பீங்க என்று தணிந்த குரலில் விசாரித்தார். டியூப் நனைந்திருக்கு, நாளைக்கு வாறன், காசு கதைச்சுக்கொள்ளலாம் என்றார் பாஸ்.